கை விழுந்த கூடை

அந்தக் கை எங்கிருந்து வந்ததென்று செவ்வந்தி பார்க்கவே இல்லை. மீசை துடிக்கும் இறால்கள் நிறைந்த அவள் கூடைக்குள் சட்டென்று நுழைந்தது... ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது... மறுபடி உள்ளே போட்டது.

நிமிர்ந்தாள். வெள்ளைச் சட்டை. மூக்குக் கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு பெரிய கண்கள். புதுப் புத்தகத்தைப் பிரித்தவனின் ஆசை அந்தக் கண்களில் இருந்தது.

"இது என்ன வி..." என்று அவன் தொடங்கியபோது சட்டைப் பையில் போன் அடித்தது. "சொல்லுங்க சார்... நேத்தே படிச்சிட்டேன் சார்..." என்று பேசிக்கொண்டே நடந்தான். நடந்தவன் திரும்பவில்லை. போயே போய்விட்டான்.

செவ்வந்தி எழுந்து நின்று அவனைத் தேடினாள். காரணம் இருக்கிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கூடை வைக்கும் பசியாவரத் தீவுப் பெண்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கூடைக்குள் முதலில் கை வைத்தவருக்குத்தான் முதல் பேச்சு. அவர் விலை சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'விட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரை வேறொரு வியாபாரி அந்தக் கூடையைத் தொட மாட்டார். கூடைக்காரியும் இன்னொருவரிடம் காட்ட மாட்டாள். காட்டினால் அவளுக்குத்தான் கெட்ட பெயர்.

வழக்கமாக வாங்கும் வியாபாரி முத்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா செவ்வந்தி, கை விழுந்த கூடையா? அப்ப நான் அடுத்தத பாக்கறேன்."

"அண்ணே, அந்தாளு போயிட்டாருண்ணே."

"போனா இன்னா? விட்டேன்னு சொன்னாரா? சொல்லலல்ல?" முத்து நகர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நகர்ந்தார்கள்.

பக்கத்துக் கூடையை விற்று முடித்திருந்த அவள் அம்மா வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டி செலையாட்டம் நின்னுகினு கீற? போய்க் கேளு."

செவ்வந்தி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவனை டீக்கடையில் பிடித்தாள். ஒரு கையில் டீ, ஒரு கையில் போன்.

"உங்க கதையில முதல் பக்கத்துலயே அந்த அம்மா கதவத் திறந்திடணும் சார்... பதினஞ்சாவது பக்கம் வரைக்கும் வாசல்லயே சுத்திட்டு இருந்தா யார் காத்திருப்பா?"

அந்தப் பேச்சு அவளுக்குள் எதையோ சுண்டியது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"போன வைங்க சார்."

"ஒரு நிமிஷம்..."

"உங்க ஒரு நிமிஷத்துல என் எறா கருவாடாயிடும்."

அவன் போனை வைத்தான். "நான் எதையும் எடுக்கலையே?"

"எடுத்திருந்தாக்கூட பரவால்ல. கைய வச்சீங்க. வச்சிட்டு டீ குடிக்க வந்துட்டீங்க."

"கை வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம். வச்சா நிக்கணும். இல்லாட்டி விட்டேன்னு சொல்லிட்டுப் போவணும். மொதக் கை பதில் சொல்லாம ரெண்டாவது கை வராது இங்க."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தான். "அப்ப முதல் கை மறந்துட்டா?"

செவ்வந்தி கூடையை இடுப்பில் மாற்றி வைத்தாள். பதினோரு மாதமாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது. வேறு விஷயத்தில்...

"கூடை காத்துகினு இருக்கும்," என்றாள்.

அப்போதுதான் மழை வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. ஏரி முழுவதும் ஒரே அடியில் வெள்ளையாகிவிட்டது. இருவரும் பக்கத்து ஐஸ் கொட்டகையின் தகரக் கூரைக்குள் ஓடினார்கள். நடுவில் கூடை, அவன் கையில் இன்னும் டீ.

"முழுக் கூடையையும் நானே எடுத்துக்கறேன். காட்டூர்ல எங்கம்மா அரைக் கிலோதான் கேட்டாங்க. இன்னிக்கு தெருவுக்கே விருந்து," என்றான் அவன். "என் பேர் இளவழகன்."

"பேரெல்லாம் நல்லாத்தான் கீது. இன்னா வேல பாக்கறீங்க, கைய வச்சிட்டு ஓடறத தவிர?"

"எழுத்தாளர்களுக்கு ஏஜென்ட். அவங்க எழுதினதப் படிப்பேன். மனசுல நின்னுடுச்சுன்னா சரியான பதிப்பகத்தத் தேடிப் பிடிப்பேன். அவங்களுக்காகப் பேசுவேன், சண்டை போடுவேன். மொழிபெயர்க்க ஆள் தேடுவேன்."

தகரக் கூரையில் மழை அடித்ததா, தன் நெஞ்சு அடித்ததா என்று செவ்வந்திக்கே தெரியவில்லை. ஆண்டவா... ஒரு ஏஜென்ட். கைக்கெட்டும் தூரத்தில். தலையில் மழைத்துளியோடு.

"எனக்கு ஒரு ஃபிரண்ட் கீறா," என்றாள், ஏரியைப் பார்த்துக்கொண்டு. நாவல் எழுதிய எல்லோருக்கும் உலகத்தில் அப்படி ஒரு ஃபிரண்ட் இருப்பாள். "ஒரு நாவல் எழுதி வச்சிகீறா. உங்கள மாதிரி ஆளுங்கள அவ எப்படிப் பிடிக்கறது?"

"பிடிக்கறதா? நாங்க என்ன நண்டா?" அவன் கண்கள் சிரித்தன. "முதல்ல ஒரு கடிதம். ஒரு பக்கம் போதும். கதையில யாருக்கு என்ன வேணும், எது தடுக்குது... அத ரெண்டு மூணு வரியில சொல்லிடணும். 'நான் சின்னவ, தப்பிருந்தா மன்னிச்சிடுங்க'ன்னு எழுதவே கூடாது."

செவ்வந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் அந்த மன்னிப்பை இரண்டு முறை எழுதியிருந்தாள்.

"அப்புறம் முதல் மூணு அத்தியாயம். போன் நம்பர். அந்த ஏஜென்ட் எந்த மாதிரி புத்தகங்களுக்கு வேலை செஞ்சிருக்கார்னு பாத்து, ஏன் அவருக்கு எழுதறீங்கன்னு ஒரு வரி. இப்படி அஞ்சாறு பேருக்கு ஒரே சமயத்துல அனுப்பிடணும்."

"ஆறு பேருக்கா? ஒரே சமயத்துலயா?" செவ்வந்தி திகைத்துப் போனாள். "அது தப்பில்லையா?"

"யார் சொன்னது? எல்லாரும் அப்படித்தான் அனுப்புவாங்க. உங்க ஃபிரண்ட் எத்தனை பேருக்கு அனுப்பினாங்க?"

"ஒருத்தருக்கு," என்றாள் மெல்ல. "அவரு பதில் சொல்லாம இன்னொருத்தருக்கு எப்படிக் காட்டறதுன்னு... பதினோரு மாசமா காத்துகினு கீறா."

கூடைக்கும் அந்த நாவலுக்கும் அவள் ஒரே சட்டத்தைப் போட்டுவிட்டாள் என்பது அவனுக்கு அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் உண்மையான கோபம் வந்தது. "பதினோரு மாசம் பதில் போடாதவன் எல்லாம் ஒரு ஏஜென்ட்டா? யார் அந்த மடையன்?"

"ஏதோ நடுப்பக்கம்னு கம்பெனி, ஆள் பேரு தெரியாது. மெட்ராஸ்ல."

அவன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நாவல் பேரு..?"

"முழங்கால் ஆழம்."

"மழை விட்டுடுச்சு. நான் கிளம்பறேன்," என்றான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "கூடையத் திருப்பித் தரணும்ல... நாளை மறுநாள் வர்றேன்." பணத்தை அவள் கையில் திணித்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மழைக்குள் விறுவிறுவென்று போனான். பைத்தியமா இந்த ஆளு... செவ்வந்தி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அன்று பசியாவரத்துக்குத் திரும்பும் படகில் அம்மா கேட்ட மூன்று கேள்விகளும் அவள் காதில் விழவே இல்லை.

சொன்னபடி வந்தான். அன்று காலை பெண்கள் ஏரிக்குள் வரிசையாக இறங்கியிருந்தார்கள். கையால் இறால் பிடிப்பது அவர்கள் தொழில். இரண்டு கைகளும் சேற்றைத் துழாவும். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வரிசை முடியும்வரை யாரும் வாயைத் திறக்க முடியாது.

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, காலிக் கூடையும் கையுமாக அவன் தண்ணீருக்குள் நடந்து வருவதைச் செவ்வந்தி பார்த்தாள். கண்கள் சிவந்திருந்தன. இரண்டு நாளாகத் தூங்காதவன்போல இருந்தான்.

"'தண்ணிக்குள்ள கை துழாவும்போது கண்ணுக்கு வேலை இல்ல. வேலை இல்லாத கண்ணுதான் அழும்,'" என்றான்.

செவ்வந்தியின் கைகள் சேற்றுக்குள் அப்படியே நின்றன. அது அவள் எழுதிய வரி. மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி வரி. அதை அவள் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

"அந்த மடையன் நான்தான், செவ்வந்தி."

பல்லில் கயிறு. அவளால் பேச முடியவில்லை.

"நடுப்பக்கம் என்னுதுதான். முந்தாநாள் காட்டூர் போனதும் தேடினேன். உங்க மெயில் இருந்துச்சு. மூணு அத்தியாயம் கேட்டா முழு நாவலையும் அனுப்பியிருக்கீங்க, பேரப் போட்டிருக்கீங்க, நம்பர் போடல. நான் நட்சத்திரம் வேற போட்டு வச்சிருக்கேன், அப்புறம் படிக்கலாம்னு. அப்புறம்... மறந்துட்டேன். சாக்கு சொல்ல வரல. ரெண்டு தடவ படிச்சிட்டேன். இந்த மாதிரி ஒண்ணுக்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். எனக்குக் கொடுங்க. நாளைக்கே வேலைய ஆரம்பிக்கறேன்."

எத்தனை நாள் கனவு கண்ட வார்த்தைகள்... உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே நேரத்தில் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அவள் கயிற்றைப் பல்லிலிருந்து விட்டாள். பறி சாய்ந்து, காலையெல்லாம் பிடித்த இறால்கள் துள்ளித் துள்ளித் தண்ணீருக்குள் போயின.

"பதினோரு மாசம் சார். கண்ணு முழிச்சா மொத வேல போன்ல மெயில் பாக்கறதுதான். இங்க சிக்னல் வராத அன்னிக்கு படகேறி பழவேற்காடு வரைக்கும் போய்ப் பாப்பேன். நைனா கேட்டா சோப்பு வாங்கப் போறேன்னு சொல்லுவேன். வூட்ல ஒரு வருஷத்துக்கு சோப்பு கீது." சாய்ந்த பறியை இழுத்து நிமிர்த்தினாள். "நீங்க நட்சத்திரம் போட்டு வச்சிட்டீங்க."

"தப்புதான்."

"இப்ப எதுக்கு கேக்கறீங்க? எரக்கப்பட்டா?"

"இல்ல."

"அப்ப பண்ண தப்ப மறைக்கவா?"

இதற்கும் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் யோசித்தான். யோசித்த அந்த இரண்டு நொடிதான் அவளைச் சுட்டது.

"கூடைய கரையில வச்சிட்டுப் போங்க சார்."

அவன் வைத்துவிட்டுப் போனான். தண்ணீரில் தடுமாறித் தடுமாறி நடந்த அந்த முதுகைப் பார்த்ததும் கூப்பிடலாமா என்று ஒரு எண்ணம் ஓடியது. கூப்பிடவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"யாருடி அது?" என்றாள் கரையேறிய வேலம்மா.

"எறா வாங்க வந்தவரு."

"எறா வாங்க வந்தவனுக்கு கண்ணு ஏன் கலங்கிகீது? அத வுடு... உனக்கு ஏன் கலங்கிகீது?"

ஐந்தாம் நாள் காலையில் படகில் உட்கார்ந்திருந்தபோது போன் சிணுங்கியது. மெயில். தலைப்பில் ஒரே ஒரு சொல்.

'விட்டேன்.'

கீழே இப்படி இருந்தது: 'நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கும் அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையை எடுத்துக்கொள்வதுதான் பதில் என்று தோன்றுகிறது. இனி யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நான்கு ஏஜென்ட்டுகளின் பெயரும், யாருக்கு எந்த மாதிரி கதை பிடிக்கும் என்பதும் கீழே இருக்கிறது. ஒரே நாளில் நால்வருக்கும் அனுப்புங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், உங்கள் எழுத்துக்குச் சிபாரிசு தேவையில்லை. யாராவது சரி என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். யாருக்கெல்லாம் அனுப்பப் போகிறார்கள், மறுப்பு வந்தால் உங்களிடம் சொல்வார்களா, பிடிக்காவிட்டால் விலக வழி உண்டா... எல்லாம் கேளுங்கள். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுப்பதைப்போல நீங்களும் அவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று. ஏழாம் அத்தியாயத்தில் உங்கள் நாயகி வேணி தண்ணீரிலிருந்து ஏறும் இடத்தில் நீங்கள் பயந்துவிட்டீர்கள். அவள் அழுவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டீர்கள்.'

செவ்வந்தி அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தாள். உண்மை. அந்த இடத்தை எழுதும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு ஓடிவிட்டாள். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது... ஒரு வரியில், எங்கே நின்றாள், ஏன் ஓடினாள் என்பதுவரை. கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை.

மூன்று காலைகள் படகிலேயே உட்கார்ந்து ஏழாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். வேணி அழுதாள். அவளும் அழுதாள். படகுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பிறகு கடிதம். மன்னிப்பு வரிகளைத் தூக்கி எறிந்தாள். 'முழங்கால் ஆழத் தண்ணீரிலேயே வாழ்க்கையைக் கழித்த வேணிக்கு ஒருமுறை ஆழ்கடலைப் பார்க்க வேண்டும். அவள் வீட்டில் படகு உண்டு, அதில் பெண்ணுக்கு இடமில்லை' என்று தொடங்கினாள். போன் நம்பரைப் போட்டாள். நான்கு பேருக்கும் ஒரே நாளில் அனுப்பியபோது ஏதோ திருட்டு வேலை செய்தவள்போல அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு மறுப்பு. பதினோராம் நாள் ஏலக் கூச்சலுக்கு நடுவே போன்.

"செவ்வந்தியா? என் பேர் சந்தியா, ஏஜென்ட். மூணு அத்தியாயமும் படிச்சிட்டேன். மீதி எங்கம்மா? வேணி படகேறினாளா இல்லையா? அது தெரியாம எனக்கு வேலையே ஓடல."

செவ்வந்தி ஏலத்தை அப்படியே விட்டுவிட்டு, மீதி நாவலை அங்கேயே நின்று அனுப்பினாள். அடுத்த வாரம் வீடியோவில் பேசினார்கள். இளவழகன் மெயிலில் சொன்ன எல்லாக் கேள்வியையும் கேட்டாள். சந்தியா ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். இரண்டு இடத்தில், "அது என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றும் சொன்னார். அந்த இரண்டு இடத்துக்காகவே செவ்வந்திக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒப்பந்தம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வேலம்மா கேசரி கிண்டினாள்.

எல்லாம் நடந்தது. ஆனாலும்... போன் சிணுங்கும்போதெல்லாம் அவள் வேறொரு பெயரைத் தேடினாள். ஒரு மெயில்கூட இல்லை. விட்டவன் விட்டவன்தானா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூறலில் கூடை வைத்திருந்தாள். யாரோ எதிரில் வந்து நின்றார்கள். முதலில் தெரிந்தது, சட்டையில் டீக்கறை. வெளுக்கவே இல்லைபோல. பிறகு அந்தக் கண்கள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கூடையிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தான்.

"என்ன சார், இவ்ளோ தூரத்துல?"

"பயம்தான். ஒரு தடவ பட்டது போதாதா?" என்றவன், "சந்தியா மேடம் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். நல்ல கையில போய்ச் சேந்திருக்கு," என்றான். முகம் முழுக்கச் சந்தோஷம். அதில் ஓர் ஓரம் மட்டும் வலித்தது.

"அவ்ளோ பிடிச்ச நாவல ஏன் விட்டீங்க?"

"எரக்கமும் இல்ல, தப்ப மறைக்கவும் இல்லன்னு நிரூபிக்க வேற வழி தெரியல. அப்புறம்... நாவல என் கையில வச்சிகிட்டு உங்ககிட்ட வேற ஒண்ணு கேக்க முடியாது. கேட்டா, புத்தகத்துக்காக நீங்க யோசிக்க வேண்டியிருக்கும். அது சரியில்ல. அதான் இவ்ளோ நாள் வரல. நீங்க கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும்னு... அதாவது நான் என்ன சொல்ல வர்றேன்னா... அன்னிக்கு மழையில..."

செவ்வந்திக்குச் சிரிப்பு பொங்கியது. "மொதப் பக்கத்துலயே கதவத் திறக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்க இன்னா பதினஞ்சாவது பக்கம் வரைக்கும் வாசல்லயே சுத்திகினு கீறீங்க?"

அவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு, செவ்வந்தி. ரொம்ப. எழுதினவங்க இவங்கதான்னு தெரியறதுக்கு முன்னாடியே, கூடைய இடுப்புல வச்சிட்டு சண்டைக்கு வந்தப்பவே. வேற யாராவது மனசுல இருந்தா சொல்லிடுங்க. ஆறு பேருக்கு அனுப்பச் சொன்னவனே நான்தான்... வருத்தப்பட மாட்டேன்."

"நாவலத்தான் ஆறு பேருக்கு அனுப்பலாம்," என்றாள் செவ்வந்தி.

தூறல் வலுத்தது. அவன் கண்ணாடியெல்லாம் துளிகள். அதற்குப் பின்னால் அந்தக் கண்கள் புரிந்தும் புரியாமலும் விழித்தன. படித்த ஆளுதான்... இதுகூடவா படிக்கத் தெரியாது? அவள் எழுந்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த அவன் கையை எட்டிப் பிடித்தாள். இழுத்துக்கொண்டு வந்து கூடைக்குள் வைத்தாள். தன் கையை எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவே இறால்கள் துள்ளின.

"இன்னா செவ்வந்தி, இன்னிக்கு எறா எப்படி?" என்று வந்த முத்து, கூடைக்குள் இருந்த இரண்டு கைகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கை விழுந்துடுச்சா... சரி சரி. நான் அடுத்தத பாக்கறேன்."

பக்கத்தில் வேலம்மா சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் சிரிப்பில் குலுங்கின.

"எனக்கு பதினோரு மாசம் காத்துகினு இருந்து பழக்கம்," என்றாள் செவ்வந்தி, குனிந்த தலை நிமிராமல். "எவ்ளோ நாள் வேணா நிப்பேன். விட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவன் சொல்லவில்லை. மழை நின்று, வியாபாரிகளெல்லாம் கிளம்பி, கரையே காலியான பிறகும் அந்தக் கை கூடைக்குள்ளேயே இருந்தது.